மூடிக் கிடந்த சுனை

"சுனை இங்கதான் எங்கியோ இருக்கோணும்," என்றார் ருக்கி, பழைய வரைபடத்தை மறுபடியும் திருப்பிப் பிடித்தபடி.

எங்கே? சுற்றிலும் ஆளை மறைக்கும் உண்ணிச்செடிப் புதர்தான். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் ருக்கி. அவருடன் வந்த தன்னார்வலர்கள் இருவர்: ஈரோட்டு நர்ஸ் ஷாஹிதா, பஸ் மெக்கானிக் பெனட். செடியை அகற்றிச் சுனையைத் திறந்துவிட்டால், மான்கள் தண்ணீர் தேடி ஊருக்குள் இறங்கி நாய்களிடம் கடிபட்டுச் சாக வேண்டியிராது.

காலையிலிருந்து, செடி மறுபடி துளிர்க்காதபடி வேர்க்கட்டைகளை வெட்டிக் கவிழ்த்தபடியே முன்னேறினார்கள். பதினோரு மணிக்கு, தாங்களே கவிழ்த்த செடிகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"நேராத்தானே வந்தோம்?" என்றாள் ஷாஹிதா.

ருக்கி திரும்பிப் பார்த்தார். "பெனட் தம்பி எங்கீங்க?"

பின்னால் அவனைக் காணோம்.

"அக்கா!" குரல் இடப்பக்கம் கேட்டது. அங்கே போனால் வலப்பக்கம் கேட்டது. "பள்ளத்துல விழுந்துட்டேன். கால் மடங்கிருச்சு. எங்க இருக்கேன்னே தெரியல."

"பக்கத்துல இருக்கற செடியப் புடிச்சு ஆட்டு," என்று கத்தினாள் ஷாஹிதா.

செடி ஆடியது. ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடங்களில்.

ருக்கி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "உண்ணிப்பழம் திங்கக் கரடி வருமுங்க," என்றார் மெதுவாக.

எது பெனட், எது கரடி? ஷாஹிதா குரல் கொடுத்தாள்: "பெனட், மூணு தடவ ஆட்டிட்டு அப்படியே நிறுத்து."

வலப்பக்கச் செடி மூன்று முறை ஆடி நின்றது. இடப்பக்கச் செடி ஆடிக்கொண்டே இருந்தது.

ருக்கி அரிவாளால் கடப்பாரையில் ஓங்கி ஓங்கித் தட்டினார். இடப்பக்கம் ஓர் உறுமல். கிளைகள் முறியும் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது. இருவரும் வலப்பக்கம் வெட்டிக்கொண்டு நுழைந்தார்கள்.

இடுப்பளவு பள்ளத்தில், சேற்றில் உட்கார்ந்திருந்தான் பெனட். ஷாஹிதா துப்பட்டாவால் அவன் காலைக் கட்டினாள். ருக்கி குனிந்து சேற்றைக் கையால் வழித்தார். கல் தட்டுப்பட்டது. செதுக்கிய கற்கட்டு. அதன் இடுக்கில் தண்ணீர் மெல்லக் கசிந்தது.

"இதச் சுத்தியேதான் வந்திருக்கோமுங்க," என்றார். "செடி மூடினா என் காடே எனக்குத் தெரியல."

மாலைக்குள் சுனையின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, பெனட்டைத் தாங்கிக்கொண்டு மூவரும் ஜீப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான்காம் நாள் ருக்கி போன் செய்தார். "சேத்துல காலடி பார்த்தனுங்க. கடமான், குட்டியோட."

ஷாஹிதா அதைப் பெனட்டிடம் சொன்னாள். அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டான்.

"இன்னும் மூணு பக்கம் மூடித்தானேக்கா கெடக்கு?" என்றான். "எப்பப் போறோம்?"