போன் தூங்குமா, அம்மா?

"அம்மா... நாம தூங்கினா போனும் தூங்குமா?"

ஏழாம் வகுப்புப் பாப்பா கேட்டாள். அவளுடைய முதல் போன், தலையணையில் அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

"தூங்கும்டா செல்லம். நீயும் தூங்கு" என்று விளக்கை அணைத்தாள் அவள் அம்மா, பல் டாக்டர்.

பாப்பா தூங்கினாள்.

போன் தூங்கவில்லை!

அடுத்த மாதம், ஒரு காலை நேரம். பீரோவுக்கு முன்னாலிருந்து ஓர் அலறல்!

"ஐயோ... என் செயின்!"

இன்ஸ்பெக்டர் வந்தார். பீரோவைப் பார்த்தார். பூட்டைத் தடவினார்.

"உடைக்கலை. சாவி போட்டுத் திறந்திருக்காங்க. சாவி இருக்கற இடம் யார் யாருக்குத் தெரியும், டாக்டர்?"

"எனக்கு, பாப்பாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு. அவர் புது வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்..."

"அப்புறம்?"

டாக்டரின் கண்கள் சமையலறைப் பக்கம் போயின.

அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் வீட்டு வேலைக்காரி. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'வெண்கலம்' என்றால்தான் தெரியும். அவ்வளவு பெரிய குரல்! அவள் பேச ஆரம்பித்தால் தெருமுனைக் காக்கை பறக்கும்.

இன்று அவளிடம் சத்தமே இல்லை.

"செயினை எடுத்தியா?" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

வெண்கலம் அவரைப் பார்க்கவில்லை. வாசற்படியில் புத்தகப் பையோடு வெளிறிப்போய் நின்ற பாப்பாவைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் எடுத்தேன்."

"எங்கே வெச்சிருக்கே?"

"தெரியாது."

"எடுத்தவளுக்கே தெரியாதா?!"

"எடுத்தேன்னு சொல்லிட்டேன்ல? மிச்சத்தை நீங்க கண்டுபிடிங்க. அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷமாக இவள் கையால் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்திருக்கிறேனே... சீ!

ஜீப் வெண்கலத்தை ஏற்றிக்கொண்டு போனது. பாப்பா வயிற்று வலி என்று படுத்துவிட்டாள்.

மதியம், வீட்டின் முன்னறையில் இருந்த க்ளினிக்கில் ஒரே ஒரு நோயாளி. போன் கடைக்காரர். பேச்சில் அவ்வளவு இனிப்பு என்பதால் ஊரே அவரை 'சர்க்கரை' என்றுதான் கூப்பிடும். பாப்பாவுக்குப் போன் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவர்தான். 'பெரிய போன் எதுக்கும்மா? பிள்ளைங்களுக்குப் பாதுகாப்புதான் முக்கியம்' என்று அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கிய நல்ல மனிதர்.

"கேள்விப்பட்டேன் டாக்டர். தெருவே பேசுது. வேலைக்காரங்களை நம்பலாமா?"

"வாயைத் திறங்க."

திறந்தார். கடைவாய்ப் பல் கறுத்து, குழி விழுந்து... முகமூடியையும் தாண்டி ஏறியது அழுகல் நாற்றம்!

"இதைப் பிடுங்கத்தான் வேணும்."

ஊசியைப் போட்டாள்.

"மரத்துப்போகக் கொஞ்ச நேரமாகும். அசையாம இருங்க."

உள்ளே போனாள்.

குளியலறையில் பாப்பா குமட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த அவள் போன்...

'டிங்!'

டாக்டர் எடுத்துப் பார்த்தாள். பெயரில்லாத எண்.

'செயின் கிடைத்தது. நாளைக்கு வளையல். அதே இடம், ட்யூஷன் மாடிப்படிக்கு அடியில் உடைந்த மீட்டர் பெட்டி. இல்லாவிட்டால் உன் அப்பா கதையை ஊரே கேட்கும்.'

போனோடு குளியலறைக்கு ஓடினாள்.

"பாப்பா! என்னடி இது?"

பாப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்புறம் உடைந்தாள்.

"நான்தாம்மா செயினை எடுத்தேன்..."

"எதுக்கு?"

"அப்பாவுக்கு வேலை போனதுலேர்ந்து ராத்திரியில அழறாரில்ல... அதை நினைச்சு நான் போன்ல பேசிப் பேசி ரெக்கார்ட் பண்ணி வெச்சேன். சும்மா... மனசு கஷ்டமா இருந்துச்சு. அதை என் கிளாஸுக்கெல்லாம் அனுப்புவேன்னு யாரோ மெசேஜ் போட்டு மிரட்டினாங்க. அப்பா மானம் போயிடுமேம்மா!"

"யாருக்கு அனுப்பினே அந்த ரெக்கார்டை?"

"யாருக்குமே அனுப்பலைம்மா! சத்தியமா! போன்லயேதான் இருந்துச்சு!"

யாருக்கும் அனுப்பாதது வெளியே எப்படிப் போனது?

"உன் போன் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"சர்க்கரை அங்கிளுக்குத்தான். அவர்தானே அக்கவுன்ட் திறந்து கொடுத்தார். ராத்திரி நாம தூங்கறப்ப போன்ல இருக்கறதெல்லாம் தானா அதுல போய்ச் சேர்ந்துடும்னார். உனக்குக்கூடத் தெரியாது. 'எனக்கு இதெல்லாம் வராது, நீங்களே போட்டுடுங்க'ன்னு நீதானேம்மா சொன்னே?"

டாக்டர் க்ளினிக் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பூட்டு வாங்கிய கடையிலேயே சாவியையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்!

பாப்பாவின் போனில் தட்டினாள். 'வளையல் இன்றைக்கே தருகிறேன்.' அனுப்பினாள்.

முன்னறையிலிருந்து ஒரு சத்தம்.

'டிங்!'

தற்செயலோ? இன்னொரு முறை. வெறும் ஒரு புள்ளி.

'டிங்!'

திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்கினாள். நாற்காலியில் சாய்ந்தபடி சர்க்கரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வாய் மரத்துப்போய், மீதி வாயால் சிரித்தான். கடைவாயில் எச்சில் நூலாக வழிந்தது. கட்டைவிரல் ஓடியது.

டாக்டரின் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

'நல்ல பொண்ணு.'

சாக்கடையில் கால் வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. என் வீட்டு நாற்காலியில் படுத்துக்கொண்டு... என் பிள்ளைக்கு!

கடவுளே, என் கை நடுங்காமல் பார்த்துக்கொள்.

உள்ளே வந்தாள். "வாயைத் திறங்க. பெரிசா."

அவன் திறந்தான். வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டையைச் செருகினாள். நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள். தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர் சார்! செயின் திருடன் என் நாற்காலியில படுத்திருக்கான். சீக்கிரம் வாங்க."

"ஆ... ஆஆ!" சர்க்கரை துள்ளினான்.

டாக்டர் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துப் பல்லில் மாட்டினாள்.

"இப்ப எழுந்தா பல்லு பாதியில முறியும். ரத்தம் நிக்காது. உங்க இஷ்டம்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மிரட்டிய வீரன் பெட்டிப்பாம்பாகப் படுத்துக்கொண்டான்!

இன்ஸ்பெக்டர் வந்து அவன் போனை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் கோணியது.

"இவன் கடையில போன் வாங்கின பிள்ளைங்க பேசினது, எழுதினது, அழுதது... எல்லாம் இதுக்குள்ள திறந்து கிடக்கு டாக்டர்!"

கட்டையை எடுத்ததும் சர்க்கரை குழறினான். "பிழ்ழைங்க பாழுகாப்பு..."

"என்ன உளர்றான்?"

"பிள்ளைங்க பாதுகாப்புக்காகவாம்."

"த்தூ! எழுந்திருடா!"

"ஒரு நிமிஷம் சார்." டாக்டர் குறட்டை மறுபடி எடுத்தாள். "ஊசி போட்டாச்சு. பாதியில விடக்கூடாது."

"இந்த நாய்க்கா?"

"நாயா இருந்தாலும் வலி வலிதானே?"

பல் வந்தது. நாற்றத்தோடு.

டாக்டர் ஸ்டேஷனுக்குப் போனபோது வாசலில் வெண்கலம் நின்றிருந்தாள். வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. யாரோ லத்தியால் விசாரித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ எடுக்கவே இல்லையே. அப்புறம் ஏன் எடுத்தேன்னு சொன்னே?" டாக்டர் அந்த விரல்களைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பாப்பா பீரோவைத் திறந்தப்ப நான் ஜன்னலுக்கு வெளிய துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேம்மா."

"பார்த்தியா?! ஏன் என்கிட்ட சொல்லலை?"

"தனியா சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க போலீசைக் கூட்டிட்டு வந்துட்டீங்க. காக்கிச்சட்டை முன்னாடி குழந்தையைக் காட்டிக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"என்னை மன்னிச்சுடு..."

"நடுரோட்டுல எதுக்கும்மா அழுகை? விரல் சரியாகட்டும், வர்றேன். அதுவரைக்கும் பாப்பாவை யாரும் திட்டக்கூடாது. ஆமா!"

கடைசி வார்த்தையில் பழைய குரல் திரும்பியிருந்தது. கூரைமேலிருந்த காக்கை பறந்தது.

அன்று மாலை புதுப் பாஸ்வேர்டைப் பாப்பாவே போட்டாள். டாக்டர் திரும்பி நின்றுகொண்டாள்.

"உன்கிட்ட சொல்லணுமாம்மா?"

"அது வேணாம். எப்பவாவது பயமா இருந்தா, அதை மட்டும் சொல்லு. போதும்."

மறுநாள் வெண்கலம் கைக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். அவள் வீட்டுப் பின்புறக் குழாயடியில் எச்சில் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. தேய்க்க அவளுக்குக் கை இல்லை.

அங்கே வந்த டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

சாயங்காலம் போன் அடித்தது.

"டாக்டரம்மா! வெண்கலம் பேசறேன். இன்ஸ்பெக்டருக்குச் சொல்லுங்க, என் வீட்டுல யாரோ பூந்து எல்லாப் பாத்திரத்தையும் கழுவி வெச்சிருக்காங்க!"

"அப்படியா? யாரா இருக்கும்?"

"யாரோ! ஆனா சுத்தமாத் தொழில் தெரியாத ஆளும்மா. அடியில பிடிச்சது அப்படியே இருக்கு... பல்லு விளக்கற மாதிரி மேலாப்ல தேச்சுட்டு ஓடிட்டாங்க!"