பிளக் ஓட்டையில் மூச்சு

மோட்டாரின் உள்பாகங்களை ஐந்தாம் முறை கழுவியபோதும் மண்ணெண்ணெய் வெளுத்தே வந்தது. பாண்டியன் தட்டைச் சாய்த்தான். அடியில் மாவு போல ஒரு வண்டல். விரலில் தேய்த்தால் நறநறத்தது. கடல் மணல் இப்படி இருக்காது.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். போன வருஷம் படகில் மாட்டும் இதே அவுட்போர்டு மோட்டாருக்குப் பிஸ்டன் ரிங் மாற்றும்போது சிலிண்டரைத் தேய்க்கும் பேஸ்ட் தீர்ந்துபோயிருந்தது. வெயிலில் கடைக்குப் போகச் சோம்பி, பக்கத்துச் செராமிக் கம்பெனியில் அள்ளிய வெள்ளைக்கல் மாவை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தான். சரியாகக் கழுவாமலே பூட்டினான். பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் அந்த மாவு பேரிங்கைத் தின்று, பிஸ்டன் இறுகி, நடுக்கடலில் நின்றது. கவிழ்ந்த படகு மோட்டாரோடு கரை ஒதுங்கியது. ஓட்டிப்போன பச்சமுத்து ஒதுங்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு கடலூரில் எல்லாரும் புது மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். இந்தக் கிழட்டு மாடலைத் தொட ஆளில்லை. பச்சமுத்துவின் மனைவி கனகாதான் அதை பஸ் கூரையில் ஏற்றி விருத்தாசலத்தில் பாண்டியனின் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். இனி அவள் தம்பி கடலுக்குப் போக வேண்டும்.

“எதனாலண்ணா நின்னுச்சு?”

“மணல் பூந்துடுச்சும்மா. ஆழமில்லாத எடத்துல ஓட்டியிருப்பாரு.”

“இருவது வருசமா ஓட்டுனவருக்கு ஆழந்தெரியாதா? நீங்க போட்டுல ஏறியிருக்கீங்களா?”

“எனக்கு வாந்தி வரும்மா.”

அவள் சிரிக்கவில்லை.

புது பிஸ்டன், புது பேரிங். இந்த முறை எல்லாம் ஒழுங்காகப் போட்டான். இது ஓடிவிட்டால் கடலூர் போய்விடும். அவன் செய்ததும் அதோடு போய்விடும்.

மத்தியானம். கரண்ட் இல்லை. செராமிக் கம்பெனியின் அரவை உருளைகள் நின்று, ஈரக் களிமண் வாடையும் சூளை அனலும் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே அசையாமல் தேங்கிக் கிடக்க, தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்காத அந்த நேரத்தில், பாண்டியன் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு ஃப்ளைவீலைச் சுற்றினான். காற்று விரலைத் தள்ளியது. நல்ல அழுத்தம். சுற்றிய கையை எடுத்தான். ஃப்ளைவீல் நின்றது.

காற்று இன்னும் தள்ளியது.

வெதுவெதுப்பாக. பீடி நாற்றத்தோடு. பிறகு உள்ளே இழுத்தது. விரல் நுனி ஓட்டையில் பதிந்தது. பிடுங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். ஒரு துணியை எடுத்து ஓட்டையின் மேல் போட்டான்.

துணி எழும்பியது. அமுங்கியது. எழும்பியது.

பிளக்கை எடுத்தான். மரை பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. பிடிக்கவில்லை.

“முடிஞ்சுதாண்ணா?”

வாசலில் கனகா. ஒரு மணி பஸ்ஸில் வந்திருந்தாள்.

“கிட்ட வராதம்மா. பெட்ரோலு. பத்திக்கும்.”

அவள் வந்தாள். துணியைப் பார்த்தாள். எடுத்தாள். பாண்டியன் தடுக்கக் கையை நீட்டினான், கை பாதியில் நின்றது.

குனிந்து, சேலையை ஒதுக்கி, ஓட்டையில் காதை வைத்தாள்.

“சொல்லுங்க,” என்றாள். அவனிடம் அல்ல.

உள்ளே ஒரு சீறல். நின்றது. மறுபடி.

“ம்.”

சோறு போட்டுக்கொண்டே புருஷன் பேச்சைக் கேட்பவள் போல.

“ம்.”

ஓட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்து அவள் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. தலையைத் தூக்காமல், கண்ணை மட்டும் மெல்ல உயர்த்திப் பாண்டியனைப் பார்த்தாள்.

“ம். இங்கதான் நிக்கிறாரு.”