குளுந்துருச்சா?

கரண்ட் போய் வெகுநேரமாகியும் சுவரோரக் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லை. குருநாதன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். அது நின்றுதான் போயிருந்தது. வால்வில் ஏதோ கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டான்; பாலிடெக்னிக் படித்தவன் வேறென்ன சொல்வான்?

குன்னத்தில் வீட்டை ஒட்டி அவன் போட்ட போர்வெல்லில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் பாறை. ஊரே சிரித்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான், "பாறைக்கடியில வெயில் ஏறாது, அந்தக் குளிர்ச்சிய வூட்டுக்குள்ள கொண்டாரேன் பாருங்க" என்று சவால் விட்டு, போருக்குள் குழாயை இறக்கி, தொட்டித் தண்ணீரை அதில் சுற்றவிட்டு, மேலே ஏற்றி அறைச் சுவர் முழுக்க ஓடவிட்டான். சித்திரை வெயிலுக்கு அறை அடுப்பாகத்தான் கிடந்தது. உள்ளே தூளியில் எட்டு மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல்.

காலையில் மச்சான் தங்கராசு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியோடு வந்தார். "சாயங்காலத்துக்குள்ள ரூமே குளுந்துரும், காய்ச்சல் தானா எறங்கிரும்" என்று இவன்தான் திருப்பி அனுப்பினான். இப்போது போய்க் கூப்பிடலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு? சீ, நானெல்லாம் ஒரு அப்பனா என்று கூசிப்போய்ப் போர் பக்கத்திலேயே நின்றான்.

"மலரு, குளுந்துச்சா?"

"இல்லீங்க." உள்ளேயிருந்து மனைவி மலர்கொடியின் குரல். "புள்ள அனலா கொதிக்கிதுங்க. அண்ணனையே கூப்புடுங்களேன்."

"செத்த பொறு."

குழாய்ச் சத்தம் தடித்தது. போர் வாயிலிருந்து கல்தூள் வாடை குப்பென்று ஏறியது. குழாய் மேல் நீர் துளிர்த்தது. தொட்டான். சில்லென்றது. அட, வேலை செய்கிறது! ஊர் வாயை அடைத்தாயிற்று.

"மலரு! குளுந்துருச்சா?"

"குளுந்துருச்சு."

'ங்க' இல்லை. 'ங்க' போடாமல் அவள் அவனிடம் பேசியதே கிடையாது.

திரும்பினான். வேலிக்கு அப்பால், தெருவில், மலர்கொடி ஓடிவந்துகொண்டிருந்தாள். பின்னால் தங்கராசு. அவளே போய்க் கூட்டி வருகிறாள்.

அப்படியானால் உள்ளேயிருந்து பேசியது?

ஓடினான். வாசற்படி. தரையில் கால் விறைத்தது. தூளி அசையவில்லை. கையை விட்டான். பாதம். வயிறு. நெற்றி.

"காய்ச்சல் எறங்கிருச்சாங்க?" மலர்கொடி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். "குளுந்துருச்சாங்க?"

அவன் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தான்; காற்றில்லை. குழாயில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. குழாய்க்குள், சின்னதாக, உறங்கும் பிள்ளையின் மூச்சு. உள்ளே போய், வெளியே வந்து, பாறையை நோக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.