பெனிட்டாவின் பிறப்புப்படி

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் வார்டில் யாரும் காலையில் காபி குடிப்பதில்லை. பல் துலக்கி, வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றோடு சமுதாயக் கூடத்தில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கன்னத்தின் உட்புறத்திலும் பஞ்சுக் குச்சியால் ஐந்து முறை உரசி, ஒப்பு எந்திரத்தில் செருகுவேன். பச்சை எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் எந்திரத்தின் அடியிலேயே திருத்தூசி, அதாவது செல்லைத் திருத்தும் ஊசி, ஒன்று தயாராகி விழும். அதையும் நானே போடவேண்டும். பத்தொன்பது வருடமாகத் தூத்துக்குடியில் இதுதான் என் பிழைப்பு.

ஒப்பு என்றால் பிறப்புப்படியோடு ஒப்பு. குழந்தை பிறந்த அன்றே தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து அதன் ஜீன்களை முழுதாகப் படித்துச் சேமித்துவிடுகிறார்கள். அதன்பின் உடம்பு சும்மா இருப்பதில்லை. செல்கள் பிரியப் பிரிய எங்காவது ஓர் எழுத்து மாறும். நாற்பது வயதில் எல்லோர் உடம்பும் பழைய வீட்டு மொசைக் தரைதான். வேறு நிறக் கல் பெருகினால் புற்றுநோய். அதனால்தான் சட்டம்: மாறிய செல்கள் நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் ஊசி. அது அவற்றைப் பிறப்புப்படிக்கே திருப்பிவிடும். புற்றுநோயில் செத்தவரை இங்கே பார்த்து இருபது வருடமாகிறது. இதில் எனக்குப் பெருமை உண்டு, ஏன் மறைக்கவேண்டும்? ஊசிக்குப் பயந்து ஒளிந்தவர்களை வீடு தேடிப் போய் இழுத்து வந்திருக்கிறேன்.

என் மகள் பெனிட்டாவுக்குப் பதினான்கு வயது. பிறவியிலேயே எலும்பு மஜ்ஜையில் கோளாறு. அப்பாவிடமிருந்து ஒரு பிழையும் என்னிடமிருந்து ஒரு பிழையுமாக வாங்கி வந்தவள். ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். டாக்டர்கள் கைவிரித்தார்கள். திருத்தூசியாலும் பயனில்லை, பிழை பிறப்புப்படியிலேயே இருக்கிறதே. ஆறு வயதில் எல்லாம் தானாக நின்றது. மாதா கண் திறந்தாள் என்று நான் மொட்டை போட்டுக்கொண்டேன். அந்தப் பழைய பயத்தில் அவள் வாயை மட்டும் மெல்லத்தான் தொடுவேன்.

போன முறை வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி சத்தமாகச் சொன்னாள்: "ஊரு வாயெல்லாம் பாத்திரம் தேய்க்க மாதிரி தேய்க்கா. மகளுக்கு மட்டும் பூவால தடவுதா."

சுருக்கென்றது. "ஏளா, நல்லா தொற" என்று பெனிட்டாவின் தாடையைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, ஐந்துக்கு ஏழாக அழுத்தி உரசினேன். ஈறு லேசாகக் கிழிந்து குச்சி சிவந்தது. எந்திரமும் சிவந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று.

கூடத்துக்கு வெளியே போய், மாவட்டத் தலைமை ஒப்பாளர் டாக்டர் மொகுதூமை அழைத்தேன். பதறாத மனிதர். பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா. கன்னத் தோலு பிறந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு. மாறுனது ரத்தம். நீங்க மெல்ல எடுத்ததுல இத்தன வருசமா ரத்தம் கலக்கல, அதான் தெரியல. மஜ்ஜையில ஏதோ ஒரு செல்லு அப்பா வழிப் பிழையத் தானே சரி பண்ணிக்கிட்டு பெருகியிருக்கு. இப்ப ஓடுறது பூரா அதோட வாரிசுதான்."

"அப்ப நல்லதுதான சார்?"

"நல்லதா கெட்டதான்னு மெஷின் பாக்காதுல்லா? பிறப்புப்படி மாதிரி இருக்கா இல்லையா, அவ்வளவுதான்."

"ஊசி போட்டா?"

"பழைய ரத்தம் திரும்பும்."

"விலக்கு வாங்கித் தாங்க சார். கால்ல விழுதேன்."

"சட்டத்துல விலக்கே கிடையாதும்மா. சாயங்காலத்துக்குள்ள போடலைன்னா வந்து தூக்கிட்டுப் போவாங்க. அங்கயும் அதே ஊசிதான். ஒங்களுக்குத் தெரியாததா? எத்தன பேர அனுப்பியிருக்கிய."

அனுப்பியிருக்கிறேன்தான். போன வருடம் உப்பளத்து மாசிலாமணி, "நான் நல்லாத்தானம்மா இருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஊசிக்குப் பிறகு மெலிந்து மெலிந்தே போய்ச்சேர்ந்தார். அன்று நான் காரணம் கேட்கவில்லை.

திருத்தூசியைத் தரையில் பீய்ச்சிவிட முடியாது. உயிருள்ள சதையின் சூடு பட்டால்தான் திறக்கும். காலியானதும் அதுவே மேலிடத்துக்குச் சொல்லிவிடும். யார் சதை என்று மட்டும் அதற்குத் தெரியாது. அடுத்தவர் ஊசியை யாராவது ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்வார்களா என்று விட்டுவிட்டார்கள்.

பெனிட்டாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"சீக்கிரம் போடும்மா, பஸ்ஸு போயிரும்."

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

அவள் தோளில் பஞ்சை வைத்து நகத்தால் கிள்ளினேன். ஊசியை என் தொடையில் இறக்கினேன்.

"வலிக்கவே இல்லம்மா" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

அந்த ஊசியில் இருந்தது ஒரே ஒரு பிழை, அவள் அப்பாவுடையது. நோயின் பாதி என்னிடம் முன்பே இருந்தது. மறுபாதியும் என் மஜ்ஜையில் வந்து சேர்ந்துவிட்டது. இன்று இருபத்தாறாம் நாள். காலையில் பல் துலக்கித் துப்பியபோது நுரை சிவந்திருந்தது.

எனக்கு மருந்து இல்லாமல் இல்லை. எந்திரம் சிவந்தால் என் பிறப்புப்படிக்கான ஊசி விழும், நான் பிழைத்துவிடுவேன். ஆனால் என் ரத்தத்தில் புதிதாக வந்த பிழை யாருடைய ஊசியிலிருந்து வந்தது என்று அது முதலில் பெயர் காட்டும். பிறகு பெனிட்டாவைத் தேடி வருவார்கள்.

அடுத்த செவ்வாய் நான் பச்சை காட்டியாகவேண்டும். என் வாயை நானே உரச விதியில்லை. வழக்கமாக எனக்கு உரசுபவள் பக்கத்து வார்டு ஆரோக்கியமேரி. நல்லவள், கண்டிப்பானவள். ஆள் பார்க்காதே, அழுத்தி உரசு என்று அவளிடம் சொன்னவள் நான்தான்.