வெள்விழியில் ஒரு நீலம்

கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாட் காலையில், கண்ணாடி பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்த குணலட்சுமி, தன் வலக்கண்ணின் வெள்விழியில் மிளகளவான நீலப் புள்ளியொன்றைக் கண்டாள். மை தெறித்ததென எண்ணிச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். அது அழியவில்லை.

இடக்கண் ஈராண்டுகளுக்கு முன்னரே இருண்டுவிட்டது. எஞ்சிய இக்கண்ணைக் குறித்து வைத்தியர் திட்டவட்டமாகக் கூறியிருந்தார்: வெள்விழிச் சுவர் மெலிந்துவிட்டது, உள்ளே நீர் தேங்கி அதனைத் தள்ளுகின்றது, துளி மருந்தை ஒரு வேளையேனும் தவறவிடலாகாது. அக்கண்ணைக் காக்க வேண்டியே அவள் முருகனுக்கு ஆறு நாள் உபவாசம் நேர்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீரன்றி வேறெதுவும் தொண்டையில் இறங்கலாகாத உபவாசம்.

“இஞ்சேரும், மருந்து விட்டனீரோ?” என்று கணவர் நமசிவாயம் விறாந்தையிலிருந்து கேட்டார்.

“முதல் நாளே நிப்பாட்டிப்போட்டன். கண்ணிலை விட்டால் தொண்டையிலை கசக்குதப்பா. விரதம் முறிஞ்சுபோம்.”

“கண்ணாலை சாப்பிட்டு விரதம் முறிச்ச ஆளை நான் இன்னும் காணேல்லை.”

“பகிடி விடாதேங்கோ. இன்னும் மூண்டு நாள்தானே.”

ஐப்பசி மழை ஓயாது பெய்தது. ஈரச் சுவரின் பூஞ்சண நெடியும் மண்ணெண்ணெய் மணமும் கலந்த அறையில் படுத்திருந்த அவளுக்கு, வெளியே கிணற்றில் நீர் ஏறும் ஓசையும் தன் நெற்றிக்குள் ஏதோ ஏறும் ஓசையும் ஒன்றெனவே தோன்றின. நான்காம் நாள் விளக்கைச் சுற்றி வானவில் வளையங்கள் எழுந்தன. ஐந்தாம் நாள் அப்புள்ளி நாவற்பழ நிறங்கொண்டு, மெல்லிய துணியை உள்ளிருந்து ஒரு விரல் தள்ளுவதுபோலப் புடைத்திருந்தது. கணவர் கண்டால் வலிந்து மருந்து விடுவார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆறாம் நாட் பிற்பகல். கோயிலில் சூரன்போருக்குப் பறை முழங்கியது. நெற்றியில் இடி. வாந்தி. மீண்டும் இடி. பின்னர், உள்ளே ஏதோ நெகிழ்ந்தது.

வலி நின்றது. கன்னத்தில் இளஞ்சூடான ஈரம். கண்மூடிக் கிடப்பவரின் அமைதியான இருள். முருகன் இரங்கிவிட்டானென நினைத்து, மல்லாந்து படுத்தாள்.

கணவரின் காலடி அருகில் வந்து நின்றது.

“இஞ்சேரும்… கண்ணை மூடும்.”

“மூடித்தானே கிடக்கிறன்.”

காலடி ஓரெட்டுப் பின்வாங்கியது.

அவள் கையை உயர்த்தினாள். விரல் வலக்கண்ணின் இமையைத் தேடியது. இமை மேலே, புருவத்தை ஒட்டிச் சுருண்டிருந்தது. அதன் கீழே ஒன்று. வழுவழுப்பாக. வெதுவெதுப்பாக.

விரலின் கீழ் அது மெல்லத் திரும்பியது.