ஏஜென்ட்டுக்கு ஒரு பொன்னாடை

காலை எட்டு மணி. போன் அலறியது.

நெடுமாறன் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண்ணின் கதறல்!

“அங்கிள்... நான் ஹேமலதா! சுடர்விழி ஃபிரெண்டு! அவள அனுப்பாதீங்க அங்கிள்! வெளிநாட்டுல ஆபீஸ் வேலைன்னு அந்த விஜயராகவன் ஏத்தி விட்டான்! இங்க அடைச்சு வெச்சிருக்காங்க! பாஸ்போர்ட்ட புடுங்கிட்டாங்க... ஐயோ, வர்றாங்க!”

லைன் செத்துப்போனது.

நெடுமாறனின் முதுகு வளையவில்லை. மூடிப்போன பஞ்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக நிமிர்ந்து நின்ற முதுகு அது.

வெளிநாட்டு வேலைக்கு இன்று இரவு விமானம். மகள் சுடர்விழியின் பாஸ்போர்ட்டோ ஏஜென்ட் விஜயராகவனிடம்!

“யாருப்பா போன்ல?” பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த சுடர்விழி எட்டிப் பார்த்தாள்.

“ராங் நம்பர். நீ வேலையப் பாரு.”

விஜயராகவனின் ஆபீசுக்குப் போலீஸ் போனால் அவன் பின்வாசல் வழியாகப் பறந்துவிடுவான். தானாக வரவேண்டும். மரியாதைக்கு அலைகிற அற்பப் பயல்... மரியாதையைக் காட்டித்தான் இழுக்க வேண்டும்!

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார்.

“தம்பி, மதியம் மூணு மணிக்கு நம்ம தெருவுல உங்களுக்குப் பொன்னாடை. பேனரும் அடிக்கச் சொல்லிட்டேன். பாஸ்போர்ட்ட நீங்களே கையால குடுக்கற மாதிரி ஒரு போட்டோ...”

“பேனர்ல நம்ம படம் பெருசா வருமா சார்?”

“பொண்ணு படத்தவிடப் பெருசு!”

“மெர்சி சார்... மெர்சி!”

நன்றி சொல்லும் ஒற்றைப் பிரெஞ்சு வார்த்தையை வைத்துக்கொண்டு துரை வேஷம் போடுகிற ஜந்து!

அடுத்த போன், இன்ஸ்பெக்டர் கலைவாணனுக்கு.

மூன்று மணி.

ஷாமியானா. பெரிய மார்க்கெட் ரோஜா மாலை. கூலிங் கிளாஸோடு காரிலிருந்து இறங்கினான் விஜயராகவன். பேனரில் தன் முகத்தைப் பார்த்துத் தானே சொக்கிப்போனான்.

தோல்பையிலிருந்து பாஸ்போர்ட் வந்தது. கேமரா மின்னியது. நெடுமாறன் வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

“தம்பி, ஜனங்களுக்கு விவரம் சொல்லுங்க. என்ன விசா?”

“டூ... டூரிஸ்ட் விசா சார். அங்க போயி மாத்திக்கலாம்.”

“சுத்திப் பாக்கற விசாவுல வேலையா? சரி, வேலை ஒப்பந்தம்?”

“போனதும் குடுப்பாங்க.”

“ஆள் அனுப்ப அரசாங்க லைசென்ஸ்?”

“சார்... மாலை போடற நேரத்துல...”

“கம்பெனி அட்ரஸாவது தெரியுமா?”

விஜயராகவன் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தான்.

“ஆடு வாங்கறவன்கூடப் பல்லப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கறான். அட்ரஸே இல்லாத எடத்துக்கு என் வீட்டுப் பொண்ண ஏத்தி அனுப்பப் பாத்தியா? த்தூ!”

விஜயராகவன் நழுவப் பார்த்தான்.

தோளில் பொன்னாடை விழுந்தது. போர்த்திய வேட்டி சட்டைக்காரர் முனையை விடவில்லை!

“நான் இன்ஸ்பெக்டர் கலைவாணன். பையத் தொற.”

உள்ளே... பதினொரு பாஸ்போர்ட்டுகள்! பதினொரு வீட்டுப் பிள்ளைகள்!

“ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு சார். ஆளுதான் சிக்காம இருந்தான்.”

கான்ஸ்டபிள்கள் அவனை ஜீப்பில் திணித்தார்கள். நெடுமாறன் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு ஹேமலதாவ எப்படியாவது மீட்டுக் குடுங்க சார். அங்க அடைச்சு வெச்சிருக்கானுங்க...”

“அங்கிள்...”

திரும்பினார்.

வாசலில்... ஹேமலதா! கையில் வாழைக்காய் பஜ்ஜி!

“நீ... நீ வெளிநாட்டுல...?”

“வெளிநாடா? நான் நம்ம ஊரு எல்லை கனகசெட்டிக்குளத்தையே தாண்டுனதில்ல அங்கிள்!”

நெடுமாறன் மகளைப் பார்த்தார்.

“அவன் அனுப்புன விசா காப்பியப் பாத்துட்டு இது சரியில்லன்னு பத்து தடவ சொன்னேன்ப்பா,” சுடர்விழி நிதானமாகச் சொன்னாள். “‘தெரு முழுக்கச் சொல்லிட்டேன், போகலன்னா குடும்ப மானம் போயிடும்’னு நீங்க ஒரே பிடி. பெத்த பொண்ணு சொன்னா கேக்க மாட்டீங்க. ஊரான் வீட்டுப் பொண்ணு கத்துனா கேப்பீங்கன்னு தெரியும்!”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

நெடுமாறன் வேட்டியை இறுக்கிக் கட்டினார். முதுகை நிமிர்த்தினார். ஹேமலதாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“நடிப்பு சுமார்தான். டி.வி. சீரியலுக்குப் போ... அதுக்கு விசா வேணாம்!”