இரண்டு விரல் மடிப்பு

அந்த வீடு அவர்களுக்குத்தான் புதிது. சுவருக்கு நூறு வயதாவது இருக்கும். குடிவந்து மூன்றே நாள். சாமான்களில் பாதி இன்னும் பெட்டிக்குள் கிடந்தன. மறுநாள் பள்ளி நாடகத்தில் மகளுக்கு இளவரசி வேடம். ஊருக்கெல்லாம் சொன்ன தேதியில் தைத்துக் கொடுக்கிற தையல்காரி, சொந்த மகள் விஷயத்தில் மட்டும் கடைசி நாள் வரை இழுத்தடிப்பாள்.

மிஷினைப் பின்னறையில் போட்டிருந்தாள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் அங்கே அரையிருட்டுதான். ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது மாதிரி ஒரு வாடை காலையிலிருந்து அவளை இருப்புக்கொள்ளாமல் அடித்தது.

"குட்டி, வந்து நில்லு! அளவெடுக்கணும்."

காலடிச் சத்தம் வந்தது. ரோஜா நிறச் சாட்டினை உதறிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, குழந்தை சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டால் தையல்காரி பேச மாட்டாள், முகத்தையும் பார்க்க மாட்டாள். கண்ணெல்லாம் டேப்பின் மேல்தான். தோள், மார்பு, இடுப்பு, உயரம். கழுத்து சில்லென்று இருந்தது. தண்ணீரில் ஆட்டம் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அரை நிமிடம் ஓரிடத்தில் நிற்காத வாலு, அன்று ஆடாமல் அசையாமல் நின்றது. அதிலேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாலைக்குள் தைத்து முடித்தாள். குழந்தைகள் உடுப்பென்றால் கீழ்விளிம்பில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பது அவள் வழக்கம். வளர வளரப் பிரித்து விடலாமே.

வாசல் கதவு திறந்தது. கணவன், அவன் தோளில் மகள், மகள் தலையில் தகரக் கிரீடம்.

"எங்க போனீங்க?"

"கிரீடம் வாங்கத்தான். சாப்பிட்ட கையோட கிளம்பிட்டோம். சொல்லிட்டுத்தானே போனேன்? மிஷின் ஓடினா உனக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

அவள் அளவெடுத்தது சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

உடுப்பை மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக இரண்டு விரல் குட்டை.

பின்னறையில் உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், மடிப்பு தைத்தபடியே இருந்தது.

மறுபடி பிரித்தாள்.

மறுபடியும் அப்படியே.

கதவோரம் நின்ற மகள் கிசுகிசுத்தாள். "அம்மா, அது அவளோடது. பிரிச்சா அழறா."

"யாருடி?"

மகள் சுவரைக் காட்டினாள்.

தையல்காரிக்குப் பெற்ற பிள்ளையைக் காப்பாற்றியாக வேண்டுமே. உடுப்பை அங்கேயே ஆணியில் மாட்டினாள். "இத நீயே வச்சுக்கோ. என் பொண்ண விட்டுடும்மா," என்று கெஞ்சினாள். மிஷினையும் மீதித் துணியையும் முன்னறைக்கு இழுத்துப் போய், மகளின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே அவளுக்கு வேறொன்று தைத்தாள். பின்னறைக்குப் பூட்டு விழுந்தது.

நாடகத்தில் மகள் வசனத்தை மறந்துபோய்க் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்ததோடு சரி, வேறு விபரீதம் எதுவும் நடக்கவில்லை. வாடையும் போய்விட்டது.

"உன் புது கஸ்டமர் குறை எதுவும் சொல்லலையே?" என்று கணவன் கேலி செய்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து வாடை திரும்பியது. மனசு கேட்காமல் பூட்டைத் திறந்தாள்.

உடுப்பு ஆணியில்தான் தொங்கியது. கீழ்விளிம்பு மடிப்பு மட்டும் பிரிந்திருந்தது. பிரித்த நூல், தரையில் பத்திரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

செத்த பிள்ளைக்கு வளர இடம் விட்டுத் தைத்திருக்கிறாள்.

இனி அதில் பிரித்துவிடத் துணி இல்லை.

"அம்மா."

மகள் பின்னால் வந்து நின்றிருந்தாள். தன் இளவரசி உடுப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவளுக்கு இப்ப என் அளவு சரியா இருக்குமாம்."